ஸ்டான்லி ஹோட்டல்: 217ஆம் அறையில் சாகாத பெண்ணின் பேய்

“வரும் செப்டம்பரில் மனைவி, ஏழு வயது மகளோடு கொலராடோ போகிறோம். எஸ்டெஸ் பார்க்கில் இருக்கும் ஸ்டான்லி ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்க ஆசை. அங்கே பேய் நடமாட்டம் இருக்கிறது என்று சொல்வதில் எவ்வளவு உண்மை? 217ஆம் அறையை எடுக்கலாமா, 401ஐ எடுக்கலாமா?” இதுதான் கேள்வி.

தாராளமாகத் தங்குங்கள். பேய் விஷயத்தில் என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தில் ஆவிகள் இருப்பதாக நம்பவைக்கும் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. அதே சமயம், அங்கே தங்கிவிட்டு வந்து “ராத்திரி ஏதோ நடந்தது” என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றும் நான் நினைப்பதில்லை. டென்வர் பக்கம் பல வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த ஹோட்டலில் மூன்று முறை தங்கியிருக்கிறேன், ஒரு முறை நானே வேர்த்து விறுவிறுத்துப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஹோட்டல் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் பேய்கள் எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

நீராவிக் கார் செய்த இரட்டையர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டான்லி சகோதரர்கள். அவர்களில் ஒருவர் ஃப்ரீலன் ஆஸ்கர் ஸ்டான்லி. 1903இல் காசநோய் முற்றி, உடம்பு இளைத்துத் துரும்பாகி, மலைக்காற்றைத் தேடிக் கொலராடோ வந்தார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு ஆன்டிபயாட்டிக் கிடையாது. உலர்ந்த மலைக்காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். அந்தக் கோடையை எஸ்டெஸ் பார்க் பள்ளத்தாக்கில் கழித்தார், உடம்பு தேறியது. தேறியவர் 91 வயது வரை இருந்து 1940இல்தான் காலமானார். தன்னைப் பிழைக்கவைத்த ஊருக்கு அவர் கட்டியதுதான் இந்த ஹோட்டல். 1909 ஜூலை 4 அன்று திறந்தது. பக்கத்தில் ரயில் கிடையாது. அடிவாரத்து ரயில் நிலையங்களிலிருந்து விருந்தினர்களை ஸ்டான்லி நீராவி வண்டிகளே மலை ஏற்றின. ஃபால் ரிவர் ஆற்றில் ஒரு நீர்மின் நிலையம் கட்டி ஹோட்டல் முழுக்க மின்சாரம் கொடுத்தார். சூடேற்றும் வசதி மட்டும் வைக்கவில்லை, ஏனென்றால் அப்போது அது கோடைக்கால ஹோட்டல். குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். இந்தப் பூட்டிய குளிர்காலத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இப்போது 217ஆம் அறைக்கு வருவோம். ஆற்று மின்சாரம் எப்போதும் கைகொடுக்காது என்பதால் மாற்று ஏற்பாடாக அசிட்டிலின் வாயு விளக்குகளையும் பொருத்தியிருந்தார்கள். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் கிளம்புமே, அதே வாயு. வெளிச்சம் பளீரென்று இருக்கும். ஆனால் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு கலந்தாலே வெடிக்கத் தயாராகிவிடும். 1911 ஜூன் 25 மாலை அந்த அறைக்குள் வாயு கசிந்து தேங்கியிருந்தது. அது தெரியாமல் விளக்கேற்ற ஒரு பணிப்பெண் தீயோடு உள்ளே போனார். வெடித்தது. மேற்குப் பக்கச் சுவரும் தளமும் பெயர்ந்தன. அந்தப் பெண் தளத்தோடு கீழே இருந்த சாப்பாட்டுக் கூடத்தில் போய் விழுந்தார். கணுக்கால்கள் முறிந்தன. உயிர் பிழைத்தார்.

கதையில் பலரும் தாண்டிப் போய்விடும் வரி இதுதான். அவர் பிழைத்தார். ஹோட்டலில் சொல்லப்படும் கதைப்படி மருத்துவச் செலவை ஸ்டான்லியே ஏற்றுக்கொண்டார். கால் சரியானதும் அந்தப் பெண் வேலைக்குத் திரும்பி, பல வருடம் அங்கேயே இருந்தார். அன்றைய பத்திரிகைகள் அவர் பெயரைக்கூட ஒழுங்காக எழுதவில்லை, ஒன்றில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். இன்று எலிசபெத் வில்சன் என்கிறார்கள். முதலாளியின் காசநோய், அவருடைய கார், அவருடைய காசு எல்லாவற்றுக்கும் தேதியோடு பதிவு இருக்கிறது. அவர் கட்டிய ஹோட்டலில் வெடித்து விழுந்த பெண்ணின் பெயருக்கு உறுதியான பதிவு இல்லை. மூன்று முறை போயும் எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

இப்போது அவர் பேயாக 217இல் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்கள். விருந்தினரின் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கிவைப்பாராம். கல்யாணமாகாத ஜோடி தங்கினால் நடுவில் வந்து படுத்துக்கொள்வாராம், நடுவே சில்லென்று இருக்குமாம். யோசித்துப் பாருங்கள். வெடிவிபத்தில் சாகாமல், எழுந்து நடந்து, பிழைத்து வாழ்ந்த ஒரு பெண்ணை, செத்த பிறகும் அதே அறையில் படுக்கை தட்டிப்போட விட்டிருக்கிறது கதை. கதை சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, தெரியும். இருந்தாலும் உங்கள் மகள் கேட்டால் முதலில் பிழைத்த கதையைச் சொல்லுங்கள்.

401ஆம் அறையின் கதை இன்னும் விசித்திரம். அங்கே நடமாடுவது டன்ரேவன் பிரபு என்கிறார்கள். பெண்களின் தலைமுடியைக் கோதுவார், நகைகளை எடுத்து ஒளித்துவைப்பார், அலமாரிக் கதவு தானாகத் திறக்கும். டன்ரேவன் நிஜ மனிதர், அயர்லாந்துப் பிரபு. 1872இல் வேட்டைக்கு வந்து, இந்தப் பள்ளத்தாக்கின் அழகில் மயங்கி, முழுவதையும் தன் சொந்த வேட்டைக்காடாக ஆக்கிக்கொள்ளப் பார்த்தவர். குடியேறுபவர்களுக்கு அரசு கொடுத்த நிலத்துக்கு, அங்கே குடியேறாத ஆட்களின் பெயரில் எல்லாம் மனுப் போட்டு நிலத்தைச் சேர்த்தார். உள்ளூர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் மனம் வெறுத்துக் கிளம்பிப் போனார். 1908இல் அவருடைய நிலத்தை ஸ்டான்லியும் இன்னொருவரும் வாங்கினார்கள், அதில்தான் ஹோட்டல் எழுந்தது. பிரபு போனபோது ஹோட்டல் இல்லை, ஹோட்டல் வந்தபோது பிரபு இல்லை. வாழ்நாளில் அவர் மிதிக்காத வாசல் அது. 1926இல் இறந்தவர், 401ஐத் தேடிப்பிடித்து வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

428இல் ஒரு கௌபாய் கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறான் என்பார்கள். சிலர் அவன், அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த வேட்டைக்காரன் ‘ராக்கி மலை ஜிம்’ என்கிறார்கள். ஜிம் சுடப்பட்டுச் செத்தது 1874இல், ஹோட்டலுக்கு 35 வருடம் முன்னால். இங்கே ஒரு வடிவம் தெரிகிறது பாருங்கள். அந்த ஊரின் வரலாற்றில் பெயர் நின்றுபோன ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அறை ஒதுக்கியாகிவிட்டது. பேய்க்கதை இங்கே ஊர் வரலாற்றின் வேலையைச் செய்கிறது. டன்ரேவன் நிலம் பிடித்த கதையைப் புத்தகத்தில் படித்திருக்க வாய்ப்பில்லாத பயணிக்கும், நகை திருடும் பிரபுவாக அவரைத் தெரிந்திருக்கிறது. பிறர் சொத்தை எடுத்தவர் என்ற குணம் மட்டும் சரியாகத் தங்கிவிட்டது. எனக்கு இது அற்புதமாகத் தோன்றுகிறது.

நான்காவது மாடியில் குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்கும் என்பது இன்னொன்று. ஆரம்பக் காலத்தில் அந்த மாடி கூரைக்கு அடியில் இருந்த பெரிய பரண் போன்ற இடம். பணிப்பெண்களும், பணக்காரக் குடும்பங்களின் குழந்தைகளும், அவர்களைப் பார்த்துக்கொண்ட ஆயாக்களும் அங்கேதான் தூங்கினார்கள். ஆக, குழந்தைகள் ஓடியது உண்மை, நூறு வருடத்துக்கு முன்பு. இசை அறையில் பியானோ தானாக வாசிப்பதாகச் சொல்வதும் அப்படித்தான். ஸ்டான்லியின் மனைவி ஃப்ளோரா நிஜமாகவே பியானோ வாசித்தவர். 1939இல் இறந்தார்.

இந்தக் கதைகள் இவ்வளவு பரவலாக எப்போது வந்தன? 1974 அக்டோபர் 30 என்று ஒரு தேதி சொல்லலாம். அன்று ஸ்டீபன் கிங் என்ற இளம் எழுத்தாளர் மனைவியோடு வந்து இறங்கினார். பருவம் முடிந்து, குளிர்காலத்துக்கு ஹோட்டலைப் பூட்டும் நேரம். கிட்டத்தட்ட அவர்கள் மட்டும்தான் விருந்தினர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மற்ற மேசைகளின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்துவைத்திருந்தார்கள். கொடுத்த அறை 217. ராத்திரி ஒரு கனவு: மூன்று வயது மகன் அலறிக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடுகிறான், தீயணைப்புக் குழாய் ஒன்று அவனைத் துரத்துகிறது. திடுக்கிட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார். சிகரெட் முடிவதற்குள் நாவலின் எலும்புக்கூடு தயார் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1977இல் வந்த ‘தி ஷைனிங்’ என்ற திகில் நாவல் அதுதான்.

அவர் பேய் எதையும் பார்க்கவில்லை, கவனியுங்கள். காலியான பெரிய கட்டடம், நீண்ட தாழ்வாரம், சுவரில் சுருட்டிவைத்த குழாய், மகனைப் பற்றிய ஒரு தகப்பனின் பயம். இவ்வளவே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு ஜனங்கள் நாவலைப் படித்துவிட்டு ஹோட்டலுக்கு வந்தார்கள், வந்தவர்கள் புதுக்கதைகளோடு திரும்பினார்கள். அந்த நாவலை வைத்து 1980இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வெளிப்புறக் காட்சிகளில் வருவது இந்த ஹோட்டல் கிடையாது, ஓரிகன் மாநிலத்து டிம்பர்லைன் லாட்ஜ். உள்ளே நடப்பதெல்லாம் இங்கிலாந்து ஸ்டூடியோ செட். அறை எண்ணும் படத்தில் 237. தங்கள் லாட்ஜில் இருக்கும் 217இல் தங்க ஆள் பயப்படுவார்கள் என்று டிம்பர்லைன்காரர்கள் கேட்டுக்கொண்டதால் மாற்றினார்கள். கொலராடோவில் நேர்மாறாக, 217க்குத்தான் அடிதடி. 1997இல் வந்த தொலைக்காட்சித் தொடரைத்தான் இந்த ஹோட்டலிலேயே எடுத்தார்கள்.

இனி, பேய் ஆராய்ச்சி என்ற பெயரில் அங்கே நடப்பது. சுற்றிப் பார்க்கும்போது, “கட்டடத்துக்கு அடியில் குவார்ட்ஸ் நிறைய இருக்கிறது, அது பழைய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறது” என்று யாராவது சொல்வார்கள். அந்த மலைத்தொடர் கிரானைட், குவார்ட்ஸ் என்ற கனிமம் கிரானைட்டின் சாதாரணப் பகுதி. கிரானைட் இருக்கும் எல்லா ஊரிலும் அது இருக்கிறது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும், கைக்கடிகாரத்தில் துடிக்கும், அவ்வளவுதான். பேச்சையும் அழுகையையும் சேமித்து வைக்கும் வழி அதில் எதுவும் இல்லை. கல் நினைவு வைத்திருக்கும் என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே, 1972 கிறிஸ்துமஸுக்கு பிபிசி ஒளிபரப்பிய ஒரு பேய் நாடகத்திலிருந்து வந்தது.

2016இல் ஒரு பயணி எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது, படிக்கட்டின் மேலே பழைய உடையில் ஒரு உருவம். அதை எடுத்தது கைபேசியின் பனோரமா முறையில். பனோரமா என்பது பல துண்டுகளை ஒட்டித் தைப்பது. கேமரா திரும்பும்போது யாராவது நகர்ந்தால் பாதி உடம்பு, கை இல்லாத ஆள், இரட்டை முகம் எல்லாம் வரும். வீட்டில் உங்கள் மகளை நடக்கவிட்டு எடுத்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் ஒரு பேய் கிடைக்கும்.

எஸ்டெஸ் முறை என்று ஒன்று உண்டு. பேய் தேடுபவர்கள் இன்று உலகம் முழுக்கச் செய்வது, பிறந்த இடம் இந்த ஹோட்டல், 2016. ஒருவரின் கண்ணைக் கட்டி, வெளிச்சத்தம் நுழையாத ஹெட்போனை மாட்டிவிடுவார்கள். ஹெட்போனுக்குள் ஒரு ரேடியோ நிற்காமல் அலைவரிசைகளைத் தாவிக்கொண்டே இருக்கும். கர்ர், புர்ர், அரை எழுத்து, கால் பாட்டு. அவர் காதில் விழுந்த சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆவியிடம் கேள்வி கேட்பார்கள், அது அவருக்குக் கேட்காது. “உன் பெயர் என்ன?” என்று கேட்க, அவர் “போ” என்றால் அறையே உறைந்துபோகும்.

கேள்வி அவருக்குக் கேட்காததால் இது நேர்மையான சோதனை மாதிரித் தெரியும். ஓட்டை மற்ற பக்கத்தில் இருக்கிறது. பதிலைக் கேள்வியோடு பொருத்துவது சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். இருபது நிமிடத்தில் வரும் சொற்களில் பொருந்தாதது காற்றோடு போய்விடும், பொருந்தியது மட்டும் ஊருக்கு வந்து சேரும். ஹெட்போனில் இருப்பவருக்கும் இரைச்சலில் வார்த்தை கேட்பது இயல்பு. மிக்சி ஓடும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்து நிறுத்திப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். பதிவு செய்து, கேள்விகளைத் தாறுமாறாக மாற்றிப்போட்டு, சம்பந்தமில்லாத ஒருவரிடம் பொருத்தச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

சரி, என் ராத்திரி. மூன்றாவது தடவை, செப்டம்பர் கடைசி, நான்காவது மாடி. சுமார் 2 மணி இருக்கும். மூச்சு அடைத்து விழிப்பு வந்தது. கண் திறந்திருக்கிறது, கை அசையவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த பாரம். கதவோரம் நிழல் ஒன்று உயரமாக நின்றது. அந்த நேரத்தில் ஒரு பெண் கூவினாள். அடித்தொண்டையில் ஆரம்பித்து, கீச்சென்று உயர்ந்து, விசில் மாதிரி இழுத்து, அப்புறம் இரண்டு மூன்று கேவல். எனக்குக் கை வந்ததும் முதலில் தேடியது விளக்கு சுவிட்சை. நிழல், கதவில் மாட்டியிருந்த என் கோட்டு. மறுபடி அதே கூவல். ஜன்னலைத் திறந்தேன். கீழே புல்வெளியில், தாழ்வார விளக்கு எட்டும் இடத்தில், கொம்பு விரித்த ஆண் எல்க் மான் கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தது. மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. செப்டம்பர், அக்டோபரில் அவை ஜோடி தேடும் பருவம், ஊருக்குள்ளேயே திரியும். இவ்வளவு பெரிய மிருகத்திடமிருந்து அப்படி ஒரு பெண் குரல் வரும் என்று கேட்காதவர்கள் நம்பமாட்டார்கள்.

நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் உண்டு. தமிழில் அமுக்குவான் பேய் என்போம், மருத்துவர்கள் தூக்க முடக்கம் என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடம்பு எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைப் பூட்டிவைக்கிறது. பூட்டு திறப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கனவு பாதி, அறை பாதி. அந்த ஹோட்டல் இருப்பதோ சுமார் 7,500 அடி உயரத்தில். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். முதல் ராத்திரி பலருக்கும் தூக்கத்தில் மூச்சு ஏறி இறங்கி, சில விநாடி நின்று, திணறி விழிப்பு வரும். விமானத்தில் வந்து இறங்கி அன்றைக்கே மலை ஏறி, களைப்போடு படுக்கும் விருந்தினர், அதுவும் பேய்க்கதை கேட்டுவிட்டுப் படுப்பவர், என்ன அனுபவிப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

கதையின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 1997இல் லாங்கே, ஹூரான் என்ற இரு ஆய்வாளர்கள் 22 பேரை ஒரு பழைய நாடக அரங்கைச் சுற்றி நடக்கவிட்டார்கள். பாதிப் பேரிடம் இங்கே அமானுஷ்யம் நடக்கிறது என்றார்கள், மீதிப் பேரிடம் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்றார்கள். முதல் கூட்டத்துக்கே அதிகமாக உடம்பு சிலிர்த்தது, ஏதோ தட்டுப்பட்டது. தாழ்ந்த அதிர்வு ஒலியும் மின்காந்தப் புலமும்தான் பேய் உணர்வைத் தருகின்றன என்ற பேச்சையும் லண்டனில் சோதித்துப் பார்த்தார்கள். 79 பேரை ஆளுக்கு 50 நிமிடம் ஒரு வெறும் அறைக்குள் விட்டார்கள், முடிவு 2009இல் வெளிவந்தது. பலருக்கும் விநோதமான உணர்வுகள் வந்தன. ஆனால் ஒலியோ புலமோ இருந்ததா இல்லையா என்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. வினோதமாக ஏதாவது தோன்றலாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்கள், அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. அதனால்தான் பேய் வேட்டைக்காரர் கையில் மினுக்கும் மின்காந்த மீட்டரை நான் பொருட்படுத்துவதில்லை. பழைய வயரிங் உள்ள எந்தச் சுவருக்கும் அது மினுக்கும்.

இத்தனையும் எழுதிவிட்டேன் என்பதற்காக அனுபவத்தை நீங்கள் தவறவிடக் கூடாது. 217, 401, 407, 418, 428, இவை கேட்டு வாங்கப்படும் அறைகள். பல மாதம் முன்பே போய்விடும், கட்டணமும் கூடுதல். உங்களுக்கு என் யோசனை நான்காவது மாடியில் பெயர் பெறாத ஏதாவது ஒரு அறை. தாழ்வாரம் அதேதான், தரைப்பலகை கிறீச்சிடுவதும் அதேதான். ராத்திரிச் சுற்றுலாவுக்கு மகளை அழைத்துப்போகாதீர்கள், ஏழு வயதுக்கு அது பாரம். பகலில் வரலாற்றுச் சுற்றுலா போங்கள். மேலே ஏறும் முன் டென்வரில் ஒரு ராத்திரி தங்கி, முதல் நாள் மது இல்லாமல் இருந்தால் மூச்சுத் திணறல் குறையும். மல்லாந்து படுத்தால் அமுக்குவான் அதிகம் வரும், ஒருக்களித்துப் படுங்கள்.

இரண்டாவது மாடிக்குப் போகும்போது 217 வாசலில் எப்போதும் இரண்டு பேர் கைபேசியோடு நிற்பார்கள், பார்க்கலாம். உள்ளே ஆள் தூங்கிக்கொண்டிருக்கலாம், கதவைத் தட்டாமல் இருங்கள். மகள் “இங்கே யார் செத்தது?” என்று கேட்டால், யாரும் சாகவில்லை, ஒரு அக்கா மாடியிலிருந்து விழுந்து கால் உடைந்து, சரியாகி, திரும்ப வேலைக்கு வந்தார் என்று சொல்லுங்கள். படுக்கப் போகும் முன் எல்க் மான் எப்படிக் கத்தும் என்று யூடியூபில் ஒரு முறை போட்டுக் காட்டிவிடுங்கள்.